தாய்லாந்துக் காசும் எங்கள் கையுறைகளும்

சென்ற மாதம் எங்கள் பழைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "ஆன்ட்டி, அமெரிக்காவில வட்டி கூட்டினா இங்க நம்ம காசு ஆடும், அங்க ஒரு நாட்டுக் காசு விழுந்தா பத்து நாட்டுல நடுங்கும்னு பேப்பர்ல வருது. ரப்பர் பாலில முக்கி கையுறை எடுக்கிய நமக்கு அதுல என்ன காரியம்?"

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. வேதியியலில் ஒரு பட்டம், அதன்பின் உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி உள்ளே நடந்தால் வரும் இந்தக் கம்பெனியின் பரிசோதனை அறையில் வேலை. இவ்வளவுதான் என் படிப்பும் தொழிலும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. தாய்லாந்தில் கிளம்பிய ஒரு அதிர்ச்சி எங்கள் ஊர்வரை வந்து என் உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டியதை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அன்று நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் லில்லி பாய். வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில், பாறசாலைக்குப் பக்கம். எண்பதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவியும் அமோனியா வாடையில் கண்ணீர் வடித்துமே போயின. மெல்ல மெல்லத் தரப் பரிசோதனை முழுக்க என் பொறுப்புக்கு வந்தது.

நாங்கள் செய்தது ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் போடும் கையுறை. கிழக்கே ஒற்றசேகரமங்கலம் போன்ற மலையடி ஊர்களிலிருந்து ரப்பர் பால் பீப்பாய்களில் வரும். கெட்டுப்போகாதிருக்க எடுக்கும் இடத்திலேயே அமோனியா கலந்திருப்பார்கள். பாலில் வெண்ணெய் பிரிப்பதுபோல அதை மிஷினில் சுற்றிக் கெட்டியாக்கி, கந்தகமும் வேறு மருந்துகளும் சேர்த்துத் தொட்டியில் விடுவோம். மேலே ஒரு சங்கிலியில் வரிசையாகப் பீங்கான் கைகள் தொங்கும். அவை தொட்டியில் முங்கி எழுந்து, விரல் நுனியில் சொட்டு நிற்காதபடி மெதுவாகப் புரண்டு, வெந்நீரில் குளித்து, சூட்டறைக்குள் போய் வெந்து வெளியே வரும். அந்தப் பக்கம் பெண்கள் நின்று, பீங்கான் கைகளிலிருந்து கையுறைகளை உரித்தெடுப்பார்கள். அந்தப் பிரிவை நடத்திய மூப்பத்தி காஞ்சிரங்குளத்துக்காரி லலிதா. அவள் வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. கையும்தான்.

உரித்த கையுறைகளில் சிலவற்றை எடுத்து, தண்ணீர் நிறைத்து, கம்பியில் தொங்கவிடுவேன். பசுவின் மடிபோல வீங்கித் தொங்கும் அவற்றின் கீழே குனிந்து ஒவ்வொரு விரலையும் பார்க்க வேண்டும். ஒரு முத்துத் தண்ணீர் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அங்கே உண்டு. அந்த ஓட்டை வழியாக நோயாளியின் ரத்தம் டாக்டருக்கும், டாக்டரின் அழுக்கு நோயாளிக்கும் போகும். ஆகவே அந்த வேலையில் நான் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை.

எங்கள் மேனேஜர் ராகவன் சார் நெய்யாற்றின்கரைக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். கையுறையைப் பற்றி எந்தப் புகார் வந்தாலும் முதலில் அதைத் தன் இடது கையில் மாட்டிக்கொள்வார். அப்படியே கையெழுத்துப் போடுவார், சாயா குடிப்பார், போன் பேசுவார். நெடுநேரம் கழித்துக் கழற்றி, தன் கைத்தோலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். நாம் ஒரு காரணம் சொன்னால் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "நீ கண்டதா, நினைச்சதா?" நினைத்தது என்று சொன்னால் கோபப்பட மாட்டார். போய்க் கண்டுவிட்டு வா என்பார்.

அவருக்கு இன்னொரு பழக்கம். சாயா நேரத்தில் இங்கிலீஷ் பேப்பரின் வியாபாரப் பக்கத்தை எங்களுக்கு உரக்கப் படித்துச் சொல்வார். தொண்ணூற்றேழில் மழைக்காலம் ஒரு நாள், "தாய்லாந்தில காசு விழுந்துபோச்சு" என்றார்.

"விழுந்தா குனிஞ்சு எடுக்கச் சொல்லுங்க சாரே" என்றாள் லலிதா. எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை.

"வெளிநாட்டுக்காரன் கடனாக் கொண்டுபோய்க் கொட்டின டாலரை ஒரே நேரத்தில திருப்பிக் கேக்கியான். பக்கத்து நாட்டையும் இனி நம்ப மாட்டான். மலேசியா, இந்தோனேசியா எல்லாம் ரப்பர் நாடாக்கும்" என்றார். எங்களுக்கு அது கதைபோல இருந்தது.

ஓணம் போனது, நவராத்திரி போனது. மலேசியக் காசும் இந்தோனேசியக் காசும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ஐப்பசி மழையில் ஒரு பேக்ஸ் வந்தது. எங்கள் உற்பத்தியில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியக் கம்பெனி அனுப்பியது. அந்தப் பக்கத்து நாடுகளில் கையுறை இப்போது டாலர் கணக்கில் மிக மலிவு, அந்த விலைக்குக் கொடுக்க முடியுமானால் கொடுங்கள், இல்லையென்றால் புதிய ஆர்டர் இல்லை. எங்கள் கையுறை மாறவில்லை, எங்கள் கூலியும் மாறவில்லை. வேறு நாட்டுக் காசு விழுந்ததால் நாங்கள் விலை கூடியவர்கள் ஆகிவிட்டோம்.

அதோடும் நிற்கவில்லை. நம் ரூபாயும் ஆடத் தொடங்கியது. அது மேலும் விழாமலிருக்க மத்திய வங்கி பணத்தை இறுக்கியது, வட்டி ஏறியது. கம்பெனிக்கு நடப்புச் செலவுக்குக் கடன் கொடுத்துவந்த வங்கியும் முகம் திருப்பியது. திருவனந்தபுரத்திலிருந்து முதலாளி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துபோயிருந்தார். பரிசோதனை அறைக்கு வெளியே நின்று பேசியது எனக்குக் கேட்டது.

"பாய்லரை அணைச்சிடலாம் ராகவா. காலம் சரியான பிறகு பார்க்கலாம்."

"பாய்லரை அணைச்சா ஆளும் போயிடும். பின்னே ஆர்டர் வந்தா யாரை வச்சு ஓட்டுவீங்க? சித்திரை விஷு வரைக்கும் எனக்குத் தாங்க."

முதலாளியின் செருப்புச் சத்தம் வராந்தாவில் போய் வந்தது. கடைசியில், "விஷு வரைக்கும்" என்றார்.

அன்றைக்கே சார் என்னையும் லலிதாவையும் கூப்பிட்டார். "கடல் கடந்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் கொடுத்தோம். இங்க உள்ள ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடக்காதா? போய்க் கேளுங்க."

களியக்காவிளை தாண்டி ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தியேட்டர் பொறுப்பில் இருந்தவர் எஸ்தர் சிஸ்டர். நெடிய உருவம், குறைந்த பேச்சு. கையுறையை மாட்டிக்கொண்டு, தையல் நூலை எடுத்துச் சரசரவென்று முடிச்சுப் போட்டுப் பார்த்தார்.

"இது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிநாட்டில மாதிரி ஒரு தடவை போட்டு எறிய எங்களுக்கு வசதி இல்ல. கழுவி, பவுடர் தூவி, ஆட்டோகிளேவ் ஆவியில வேகவச்சு பின்னயும் எடுப்போம். மூணு வேக்காடு தாங்குமா?"

"தாங்கும் சிஸ்டர்" என்றேன். எங்கள் கையுறைமேல் எனக்கு அவ்வளவு நிச்சயம். ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அடுத்த வாரமே சிஸ்டர் ஆள் விட்டார். போனோம். ஆவிப் பெட்டியிலிருந்து எடுத்த கையுறைகளைத் தட்டில் வைத்திருந்தார். ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் சவ்வுமிட்டாய்போல இழுபட்டன. பிரித்தபோது என் உள்ளங்கையில் மஞ்சளாகப் பசை ஒட்டியது.

"நோயாளிக்க வயிறு திறந்து கெடக்கும்போ இது எனக்க டாக்டருக்க கையில கிழிஞ்சா, நான் ஆருட்ட போய்ச் சொல்ல?" என்று கேட்டார் சிஸ்டர். குரலை உயர்த்தவே இல்லை. ஒட்டிய கையுறைகளைப் பொதிந்து வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

ராகவன் சார் அந்த ஒட்டிய கையுறைகளில் ஒன்றைப் பிரித்து இடது கையில் மாட்டிக்கொண்டார். சாயா வந்தது, குடித்தார். கழற்றும்போது அது தோலோடு இழுத்துக்கொண்டு வந்தது.

"என்ன காரணம்?"

"சூட்டறையில வெப்பம் கூடியிருக்கும் சார்."

"நீ கண்டதா, நினைச்சதா?"

"நினைச்சது."

"அப்போ போய்க் கண்டிட்டு வா."

அந்த நாட்கள்தான் என் தொழில் வாழ்க்கையிலேயே கடினமானவை. கிறிஸ்துமஸ் வந்தது தெரியாமல் போனது. ஒவ்வொரு தொகுதியிலும் சில கையுறைகளை நாங்கள் எடுத்து வைப்பது வழக்கம். பழையவை, புதியவை எல்லாவற்றையும் ஒரே சூட்டுப் பெட்டியில் சேர்த்து வைத்தேன். ஓணத்துக்கு முன் செய்தவை போனபடியே திரும்பி வந்தன. நவராத்திரிக்குப் பின் செய்தவைதான் ஒட்டின. சூட்டறையின் வெப்பம் அந்த இடைவெளியில் மாறவில்லை. கந்தகம் அதே கந்தகம், வெந்நீர் அதே வெந்நீர். மிச்சமிருந்தது ரப்பர் பால் மட்டும்.

எந்த ஊரிலிருந்து வந்த பால் என்று பிரித்து, தனித்தனிக் கண்ணாடிப் பாத்திரங்களில் விட்டு, ஒற்றைப் பீங்கான் கையை வைத்துக் கையாலேயே முக்கிக் கையுறை செய்தேன். லலிதா பக்கத்தில் நின்று உரித்துத் தந்தாள். "பெத்த பிள்ளையக்கூட இப்பிடிக் குளிப்பாட்டியிருக்க மாட்டிய அக்கா" என்றாள். மற்ற ஊர்ப் பாலில் செய்தவை நன்றாக இருந்தன. ஒற்றசேகரமங்கலத்துப் பால் மட்டும் ஒட்டியது.

அந்தக் கையுறையை எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலை அமிலத்தில் கரைத்து, செம்பைக் காட்டிக்கொடுக்கும் ஒரு மருந்தைச் சொட்டு விட்டேன். தெளிந்த நீர் மஞ்சள் பழுப்பாகத் திரும்பியது. ரப்பருக்குச் செம்பு விஷம். அணுவளவு போதும், சூடு படப்பட ரப்பரை உள்ளிருந்தே அழுக வைத்துவிடும். ஐரோப்பாக்காரர்கள் ஒரு தடவை போட்டு எறிந்துவிடுவதால் இது அவர்களிடம் இன்னும் வெளியே தெரியவில்லை. வைக்க வைக்க, பெட்டியிலேயே தெரிய ஆரம்பித்திருக்கும்.

சாரிடம் ஓடினேன். "செம்பு சார். கண்டது."

அவர் அப்போதே ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

ஒற்றசேகரமங்கலத்தில் ரோட்டோரம் ஒரு ஓட்டுக் கொட்டகையில் சுகுமாரன் என்பவர் பால் எடுத்துக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அமோனியா விட்ட பீப்பாயின் வாயில் ஒரு அரிப்பு, அதாவது சல்லடை, வைத்து, அதன் வழியாகப் பாலை வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தார். அரிப்பின் வலை பொன்போல மினுங்கியது. பால் காய்ந்த ஓரத்தில் நீலப் பச்சையாக ஒரு பொருக்கு.

"அண்ணா, இந்த அரிப்பு எப்ப வாங்கினது?"

"நவராத்திரி கழிஞ்சு. என்னத்துக்கு?"

"பித்தளையா?"

"பித்தளைதான். பழைய ஸ்டீல் வலை கிழிஞ்சுபோச்சு. புதுசு வாங்க எங்க போக? பாலுக்கு விலை எங்க கெடக்குன்னு அறியாமலா கேக்கிய? தாய்லாந்துக்காரன் சும்மா கொடுக்கிய மாதிரி ரப்பரை விக்கியான்னு சொல்லி, இஞ்ச ஒவ்வொரு வாரமும் குறைச்சிட்டே வாறானுவ. சந்தையில இது மலிவாக் கெடச்சுது, வாங்கினேன். நான் பாலில தண்ணியா கலந்தேன்?"

நான் அந்த அரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது. எங்கோ கடன் கொடுத்தவர்கள் பயந்து பணத்தைத் திருப்பி எடுத்தார்கள். ஒரு நாட்டின் காசு விழுந்தது. அதனால் உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தது. அதனால் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு மனிதர் ஸ்டீல் வலைக்குப் பதில் பித்தளை வலை வாங்கினார். அமோனியா அந்தப் பித்தளையைத் தின்று செம்பைப் பாலில் கரைத்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் எஸ்தர் சிஸ்டரின் தட்டில் கையுறை ஒட்டியது. சார் சாயா நேரத்தில் படித்த வியாபாரப் பக்கம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சார் சுகுமாரனைத் திட்டவில்லை. அரிப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டி அந்தப் பச்சையைக் காட்டினார். "அமோனியா பித்தளையைத் தின்னும் சுகுமாரா. தின்னதை நமக்குத் தரும்."

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் முன்னால் வந்தார். "அப்போ இனி எங்களுக்க பால் வேண்டான்னு சொல்லுவியளோ?" மரத்தையே வெட்டி விற்றுவிடலாமா என்று அந்த ஊரில் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

"வேணும். எல்லாம் வேணும்" என்றார் சார். "அரிப்பு எங்க பொறுப்பாக்கும்."

அந்த வாரத்துக்குள் எங்களுக்குப் பால் தரும் எல்லா இடத்துக்கும் கம்பெனிச் செலவில் ஸ்டீல் அரிப்பு போய்ச் சேர்ந்தது. செம்பு கலந்த பாலில் செய்த கையுறை ஒன்றையும் விற்கக்கூடாது என்று நான் சொன்னேன். பெட்டி பெட்டியாக ஒதுக்கியபோது முதலாளிக்கு வயிறு எரிந்திருக்கும். ஆனால் மறுத்துப் பேசவில்லை.

புதிய கையுறைகளோடு எஸ்தர் சிஸ்டரிடம் மறுபடி போனோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கையுறைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மூன்று வேக்காடு முடிந்து, போதாதென்று அவராகவே நான்காவதும் வைத்தார். பிறகு எங்கள் கண்முன் ஒரு கையுறையின் விரலைப் பிடித்து நீள இழுத்து விட்டார். பட்டென்று பழைய நீளத்துக்குத் திரும்பியது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் பட்டென்றது.

"என்ன பிழைன்னு தேடிக் கண்டுபிடிச்சுட்டு திரும்பி வந்த கம்பெனிய நான் இப்பதான் பாக்கியேன்" என்றார். "எங்களுக்கு இதுதான் வேணும். மத்த ஆஸ்பத்திரிச் சிஸ்டர்மாருட்டயும் நான் சொல்லியேன்."

சொன்னார். குலசேகரத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், நெய்யாற்றின்கரையிலிருந்தும் வந்தார்கள். ஐரோப்பா வாங்கிய அளவுக்கு இல்லை. ஆனால் பாய்லர் அணையவில்லை. வேலை நேரம் குறைந்தது, ஒருவரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

விஷுவுக்கு முன்பே அந்த ஐரோப்பியக் கம்பெனியிடமிருந்து போன் வந்தது. சார் எழுந்து நின்று இங்கிலீஷில் பேசினார். பேசப் பேச அவர் முகம் மாறுவதை அறை வாசலில் நின்று பார்த்தோம். அந்த நாடுகளில் காசு மலிவாகித்தான் இருந்தது. ஆனால் அங்குள்ள வங்கிகளின் உத்தரவாதத்தை வெளிநாட்டு வங்கிகள் ஏற்க மறுத்தன. கடன் கிடைக்காமல் சில கம்பெனிகளால் மருந்து வாங்க முடியவில்லை, சரக்கு ஏற்ற முடியவில்லை. எங்களை விட்டுப் போன ஐரோப்பியக் கம்பெனி மலிவாக ஆர்டர் கொடுத்துவிட்டு, வராத கப்பலுக்காகக் காத்திருந்தது. ஆஸ்பத்திரிகளோ காத்திருக்க மாட்டா.

சார் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "லில்லி, உடனே தொடங்கினா நல்ல சரக்கு கொடுக்க முடியுமா?"

"முடியும் சார்."

"கண்டதா, நினைச்சதா?"

"கண்டது சார்!" என்று கத்தியேவிட்டேன்.

பழைய விலையில் ஒரு காசும் குறைக்க மாட்டேன் என்றார் சார். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை போட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்து, தானே பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துச் சரி என்றால்தான் சரக்கு கிளம்பும்.

பாய்லரை அணைத்திருந்த மற்றக் கம்பெனிகள் ஆளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எங்களுக்கு ஆள் இருந்தது, சூடு ஆறாத பாய்லர் இருந்தது, அன்றன்று வரும் நல்ல பாலும் இருந்தது. சங்கிலி மறுபடி முழு வேகத்தில் ஓடியது. பீங்கான் கைகள் விரலை வானத்துக்கு நீட்டிக்கொண்டு வரிசையாகப் போவதைப் பார்க்க என்னவோ ஊர்வலம்போல இருந்தது.

ஆய்வாளர் வந்தார். கண்டிப்பான ஒரு அம்மா. அடுக்கின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் பெட்டிகளை உருவச் சொன்னார். கையுறைகளில் தண்ணீர் நிறைத்துத் தொங்கவிட்டோம். லலிதாவும் மற்றப் பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, விரல் விரலாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி வரிசை வரை போய்த் திரும்பியும் வந்தார். கீழே விரித்திருந்த தாளைக் கையால் தடவினார்.

"ட்ரை" என்றார். பிறகு தமிழில், "சொட்டுக்கூட இல்லைம்மா" என்றார்.

வாசலில் எழுந்த சத்தத்தில் அந்த அம்மா திடுக்கிட்டுப்போனார். லலிதா என்னைத் தூக்கியேவிட்டாள். சுகுமாரன் பீப்பாய் இறக்க வந்திருந்தார். அவரும் கூட்டத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் தூத்துக்குடிக்குப் போகும் கண்டெய்னர் லாரியில் சரக்கு ஏறியது. முதலாளி முன்னால் நின்று தேங்காய் உடைத்தார். நான் மனதுக்குள் ஜெபம் செய்தேன். லாரி மெயின் ரோட்டில் ஏறித் தெற்கே திரும்பும்வரை அத்தனை பேரும் வெயிலில் நின்றோம்.

பிறகு உதியன்குளங்கரையில் பஸ் ஏறினோம். எங்கள் கூட்டத்தின் சிரிப்பிலும் கூச்சலிலும் பஸ்ஸே ஆடியது. கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளமாரே, இப்பிடி ஒரு ஆட்டம்? என்ன நடந்துபோச்சு?" என்று கேட்டார்.

லலிதா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எங்களுக்க மானம் கப்பல் ஏறப் போவுது அண்ணா" என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "அதுவும் எல்லாப் பரிச்சையும் பாஸாகி!"